ஸ்மார்ட் மீட்டர் வந்தால் எண்ணூர்ப் புகை குறையுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கரண்டைப் பற்றியே இருந்தன, அதுவும் பெரும்பாலும் வடசென்னையிலிருந்து. நான் திருவொற்றியூரில் வளர்ந்து, மணலியில் ஓர் ஆலையின் எலக்ட்ரிகல் பராமரிப்பில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். அதனால் இந்தக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழிலேயே எடுத்துக்கொண்டேன். மற்ற கடிதங்களுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.

ஐயா, ஏஐ, சென்சார், சாஃப்ட்வேர் எல்லாம் வந்து மின்சாரத் துறையையே பசுமையாக மாற்றிவிடும் என்று தினமும் படிக்கிறேன். எங்கள் மொட்டை மாடியில் காயப்போடும் துணியில் இன்றைக்கும் சாம்பல் படிகிறது. கம்ப்யூட்டரால் இந்தச் சாம்பல் எப்படிக் குறையும்?
– ஒரு வாசகர், எர்ணாவூர்

கம்ப்யூட்டர் ஒரு யூனிட் கரண்டைக்கூட உற்பத்தி செய்யாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சில விளம்பரங்களைப் பார்த்தால் சாஃப்ட்வேர் போட்ட மறுநாளே புகைபோக்கி அடங்கிவிடும் என்று தோன்றும். எப்போது எவ்வளவு கரண்ட் வரும், எப்போது எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அதன் வேலை. கேட்பதற்குச் சின்ன வேலை மாதிரி இருக்கும். ஆனால் அத்திப்பட்டு அனல்மின் நிலையங்களில் இன்றைக்கு எவ்வளவு நிலக்கரி எரியப்போகிறது என்பது பெருமளவு இந்தக் கணக்கைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

கரண்டை அரிசி மாதிரி மூட்டை கட்டி அடுக்கி வைக்க முடியாது. நீங்கள் சுவிட்சைப் போடும் அந்த நொடியில் எங்கோ ஒரு ஜெனரேட்டர் அதைத் தந்தாக வேண்டும். தேவையும் உற்பத்தியும் சமமாக இருந்தால் அதிர்வெண், அதாவது கரண்ட் ஒரு நொடியில் எத்தனை தடவை அலைகிறது என்ற எண், 50 ஹெர்ட்ஸில் நிற்கும், தேவை கூடினால் கீழே இறங்கும், உற்பத்தி கூடினால் மேலே ஏறும், 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் அதைப் பிடித்து வைக்க வேண்டும் என்பது விதி. நிலக்கரியும் அணைக்கட்டுமாக இருந்த காலத்தில் தேவையை மட்டும் கணித்தால் போதும். இப்போது முப்பந்தல் பக்கம் காற்று, கமுதிப் பக்கம் வெயில் என்று உற்பத்தியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் காற்றாலை மட்டுமே 10,000 மெகாவாட்டுக்கு மேல். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை அடித்து வீசும், அப்புறம் படுத்துவிடும். நடுப்பகலில் ஒரு மேகக்கூட்டம் வந்தால் சோலார் சட்டென்று இறங்கும்.

நிலக்கரி பாய்லர், அணைத்துவிட்டு நினைத்தபோது பற்றவைக்கிற கேஸ் அடுப்பு இல்லை. ஆறிப்போன பாய்லரைச் சூடேற்றி முழு உற்பத்திக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும், அதற்குத் தனியாக எண்ணெய் வேறு எரிக்க வேண்டும். அதனால் சாயங்காலம் காற்று குறைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்திலேயே பகல் முழுக்க நிலக்கரி யூனிட்டை, அதாவது பாய்லரும் ஜெனரேட்டரும் சேர்ந்த தொகுதியை, ஓடவிடுவார்கள், சில சமயம் நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும் காற்றாலையைக்கூடக் குறைக்கச் சொல்வார்கள். நம் மாடியில் விழும் சாம்பலில் ஒரு பங்கு இந்தப் பயத்தால் எரிந்த நிலக்கரியின் சாம்பல் என்பதுதான் என் கருத்து.

கணிப்பு சரியாக இருந்தால் இந்தப் பயம் குறையும். ஒரு நாளை 15 நிமிடம் வீதம் 96 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் காற்று எவ்வளவு தரும், வெயில் எவ்வளவு தரும் என்று முந்தின நாளே அட்டவணை போடுகிறார்கள். செயற்கைக்கோள் படம், வானிலை மாதிரி, ஒவ்வொரு காற்றாலையின் பழைய கணக்கு எல்லாம் இதற்குள் போகின்றன. தமிழ்நாட்டுக் காற்றாலைகளுக்கான கணிப்பில் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் பல வருடங்களாக வேலை செய்திருக்கிறது. அத்துடன் மத்திய மின்சார ஆணையம் 2023-ல் கொண்டுவந்த விதிப்படி, நிலக்கரி யூனிட்டுகள் தேவை குறைந்த நேரத்தில் தம் திறனில் 55 சதவீதம் வரையும், அடுத்த கட்டமாக 40 சதவீதம் வரையும் இறங்கி ஓடப் பழக வேண்டும். அப்படி இறங்கி ஓடும்போது ஒரு யூனிட் கரண்டுக்கு ஆகும் நிலக்கரி கொஞ்சம் கூடும் என்பதும் உண்மை. அதைக் கட்டுப்படுத்தவும் பாய்லருக்குள் சென்சார்களும் தானியங்கிக் கட்டுப்பாடுகளும்தான் வேண்டும்.

இந்தக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்று எனக்கு உறைத்தது 2020 ஏப்ரல் 5 அன்று. ஊரடங்கு சமயம், இரவு 9 மணிக்கு நாடு முழுக்க விளக்கை அணைத்து அகல் ஏற்றினோமே, அன்றைக்கு. தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையும் என்று எதிர்பார்த்தார்கள், குறைந்ததோ ஏறத்தாழ 31,000 மெகாவாட், அதுவும் சில நிமிடங்களுக்குள். கணிப்பு பாதிக்கு மேல் தவறியும் எந்த ஊரும் இருளில் மூழ்கவில்லை. நீர்மின் நிலையங்களைக் கூட்டிக் குறைத்துத் தயாராக வைத்திருந்தார்கள், திரையில் ஒவ்வொரு நொடியும் அதிர்வெண்ணைப் பார்த்துக்கொண்டே சமாளித்தார்கள்.

இனி நம் பகுதிக்கு வருவோம். எல்லாருக்கும் தெரிந்த பழைய எண்ணூர் அனல்மின் நிலையம், 450 மெகாவாட், 2017 மார்ச்சோடு மூடப்பட்டது. ஆனால் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்களில் 1,830, வல்லூரில் 1,500, 2024-ல் தொடங்கிவைக்கப்பட்ட மூன்றாம் கட்டத்தில் 800 என்று 4,000 மெகாவாட்டுக்கு மேல் இந்தச் சின்ன வட்டாரத்திலேயே நிற்கிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. தேவை இப்படி ஏறிக்கொண்டே போனால், சாஃப்ட்வேர் மிச்சம் பிடித்துக் கொடுப்பதைப் புதிய ஏசிகள் சாப்பிட்டுவிடும். சூரியன், காற்று கரண்ட் கையில் இருக்கும் நேரத்தில் எண்ணூர் யூனிட்டை முதலில் குறைப்பது என்று மனிதர்கள் முடிவெடுத்தால்தான் உங்கள் துணியில் வித்தியாசம் தெரியும். கம்ப்யூட்டரால் அந்த முடிவுக்கான தைரியத்தைத் தர முடியும்.

அண்ணா, கொருக்குப்பேட்டையில் ஒரே காம்பவுண்டில் நாங்கள் ஆறு குடித்தனம். வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். ஸ்மார்ட் மீட்டர் வரப்போகிறதாம். எங்களுக்கு ஏதாவது நன்மை உண்டா, இல்லை பில் இன்னும் கூடுமா?
– ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

தங்கச்சி, ஸ்மார்ட் மீட்டர் என்பது தானே ரீடிங்கை அனுப்பிவிடும் மீட்டர், அவ்வளவுதான். ஆள் வந்து குறித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு தடவை எவ்வளவு செலவானது என்று பதிவு செய்து ரேடியோ அல்லது மொபைல் நெட்வொர்க் வழியாக அனுப்பும். 2021-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் நாடு முழுக்க 25 கோடி மீட்டர்கள் என்று இலக்கு வைத்தார்கள். சென்னையில் தி.நகரில்தான் முன்னோட்டம் பார்த்தார்கள்.

மீட்டர் மாற்றினால் வேகமாக ஓடும் என்ற பயம் எல்லா ஊரிலும் இருக்கிறது. தேய்ந்துபோன பழைய சக்கர மீட்டர் மெதுவாகச் சுற்றும், ஜீரோ வாட் பல்பையும் ரிமோட்டில் மட்டும் அணைத்த டி.வி.யையும் கண்டுகொள்ளாது. புதியது எல்லாவற்றையும் எண்ணும், அதனால் வித்தியாசம் தெரியலாம். அதையும் மீறிச் சந்தேகம் வந்தால் புகார் கொடுங்கள். 2024-ல் திருத்திய நுகர்வோர் உரிமை விதியின்படி, ரீடிங் பொருந்தவில்லை என்று புகார் தந்த ஐந்து நாளுக்குள் பக்கத்திலேயே இன்னொரு மீட்டர் வைத்துக் குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

எனக்கு ஸ்மார்ட் மீட்டரில் பிடித்தது தேதி. சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவுக்கு ரீடிங் எடுக்க வருபவர் ஒன்பது நாள் தள்ளி வந்தார். அந்த ஒன்பது நாளில் என் வீட்டுக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது. தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் அதிகம் கட்டுவதோடு விடாது, கீழே இருக்கும் யூனிட்டுகளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த சலுகையும் போய் மொத்த பில்லும் ஏறும். என் தப்பு எதுவும் இல்லாமல் கூடுதல் பணம் கட்டினேன். மீட்டரே குறித்த தேதியில் ரீடிங்கை அனுப்பினால் இந்த வயிற்றெரிச்சல் இல்லை.

சரி, உங்கள் காம்பவுண்டுக்கு வருகிறேன். ஸ்மார்ட் மீட்டர் மெயின் மீட்டரைத்தான் மாற்றும். அதன் கண்ணுக்கு ஆறு குடும்பமும் ஒரே வீடு. இலவச 100 யூனிட் ஓர் இணைப்புக்குத்தான், ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நூறு. ஆறு குடித்தனத்தின் செலவும் ஒன்றாகக் கூடும்போது கட்டாயம் உயர்ந்த படிக்குப் போய்விடும், அதனால் வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்லவும் முடியாது, அவர் கட்டும் தொகையே பெரிதாக இருக்கும். தனித்தனி இணைப்பு வாங்குவதுதான் வழி. ஆறு பேரும் சேர்ந்து போய் அவரிடம் இந்தக் கணக்கைப் பொறுமையாகக் காட்டுங்கள். எந்தத் தொழில்நுட்பம் வந்தாலும், தன் பெயரில் மீட்டர் இல்லாத குடும்பத்துக்கு அதன் பலன் வந்து சேராது. வடசென்னையில் இப்படி எத்தனை குடும்பங்கள்! இதைப் பற்றிப் பேசாமல் ஸ்மார்ட் மீட்டரைப் பற்றி மட்டும் பேசுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

அதுவரைக்கும் கையில் இருக்கும் ஒரு வேலை: பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்ற புது ரக மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் போதும் என்று ஓடும். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 43 யூனிட் மிச்சம். உங்கள் ரேட்டில் 380 ரூபாய்க்கு மேல். ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோ வரை நிலக்கரி எரிகிறது என்று வைத்தால், உங்கள் ஒரு ஃபேனால் 30 கிலோ நிலக்கரி எரியாமல் நிற்கிறது.

வியாசர்பாடி டெப்போவில் மின்சாரப் பேருந்து விட்டிருக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் ராத்திரியில் சார்ஜ் போட்டால் அது நிலக்கரி கரண்ட்தானே? எங்கள் புகையை எண்ணூருக்குத் தள்ளிவிடுகிறோமா?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

இப்படி யோசிக்கிறீர்களே, அதற்கே முதலில் நன்றி. 2025 ஜூன் 30 அன்று முதல் 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் உங்கள் டெப்போவிலிருந்துதான் புறப்பட்டன. டீசல் என்ஜின் எரிபொருளில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கும், மின்மோட்டார் மிகக் குறைவாகத்தான் வீணாக்கும், பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் கரண்டைத் திரும்பவும் பேட்டரிக்குள் அனுப்பும். அதனால் நிலக்கரி கரண்டில் ஓடினாலும் தெருவில் குழந்தைகள் மூக்குக்கு நேராக விடும் கரும்புகை நிற்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனாலும் உங்கள் கேள்வி சரிதான். ராத்திரி 7 மணிக்குச் சார்ஜ் போடுவதும் பகல் 12 மணிக்குப் போடுவதும் ஒன்றில்லை. சாயங்காலம் சூரியன் இறங்கி, வீடுகளில் விளக்கும் ஃபேனும் ஏசியும் ஏறும் அந்த நேரத்தில்தான் நிலக்கரியை அதிகம் நம்பியிருக்கிறோம். பேருந்தை நிறுத்தியவுடன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செருகினால் அந்த உச்சம் இன்னும் ஏறும். எந்தப் பேருந்தில் எவ்வளவு சார்ஜ் மிச்சம், அது மறுபடி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதைப் பார்த்து, பாதியை மதிய இடைவெளியில், பாதியை நள்ளிரவுக்குப் பிறகு என்று சார்ஜரே வரிசைப்படுத்திக்கொள்ள முடியும். ஆடி மாதம் ராத்திரியிலும் காற்று வீசும், அப்போது அந்த வரிசையை மாற்றிக்கொள்ளலாம். பேருந்து என்பது சக்கரம் வைத்த பெரிய பேட்டரி, அதை எந்த நேரத்தில் நிரப்புகிறோம் என்பதில்தான் எண்ணூர்க்காரர்களுக்கு நன்மையும் தீமையும்.

காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கும் இந்த டிஜிட்டல் கரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா அண்ணே?
– ஒரு வாசகர், காசிமேடு

நிறைய உண்டு தம்பி. ஐஸ் பாளம் என்பது சேமித்து வைத்த கரண்ட். பகலில் சோலார் நிறைய இருக்கும்போது கம்ப்ரஸரை ஓட்டி உறையவைத்து, ராத்திரி கம்ப்ரஸரை நிறுத்தி, விடியற்காலை போட்டுகளுக்கு ஏற்றிவிடலாம். 2023-ல் மத்திய அரசு திருத்திய விதி, சூரியன் இருக்கும் எட்டு மணி நேரத்துக்குக் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும், உச்ச நேரத்தில் தொழிற்சாலை, கடைகளுக்குக் குறைந்தது 20 சதவீதம் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இதை ஒவ்வொரு மாநில ஒழுங்குமுறை ஆணையமும் தன் கட்டண ஆணையில் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். உயர் அழுத்த இணைப்புக்கு உச்ச நேரக் கூடுதல் கட்டணம் நம்மிடம் நெடுநாளாகவே இருக்கிறது. உங்கள் முதலாளியிடம் பில்லை வாங்கி, உச்ச நேர யூனிட் எவ்வளவு என்று மட்டும் ஒரு தடவை பாருங்கள்.

காட்டுக்குப்பத்துப் பெண் நான். எங்கள் ஆற்றில் இறால் போனது, நண்டு போனது. ஆலைப் புகையைக் கம்ப்யூட்டர் இருபத்து நாலு மணி நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். அது பார்க்கிறது சரி, எங்களுக்கு ஏன் தெரிவதில்லை?
– ஒரு வாசகி, எண்ணூர்

அம்மா, இந்தக் கடிதங்களிலேயே என்னைத் தூங்கவிடாத கேள்வி உங்களுடையது.

அவர்கள் சொன்னது உண்மைதான். 2014-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனல்மின் நிலையம் உட்பட 17 வகைத் தொழில்களுக்கு ஆன்லைன் கண்காணிப்பைக் கட்டாயமாக்கியது. புகைபோக்கிக்குள்ளேயே தூசு, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு அளக்கும் கருவி இருக்கும், அந்த எண்கள் நேராக வாரியத்தின் சர்வருக்குப் போகும். மறு வருடம் 2015 டிசம்பரில் அனல்மின் நிலையங்களுக்குப் புதிய கடுமையான வரம்புகளும் வந்தன. கந்தகத்தை வடிகட்டும் கருவியைப் பொருத்த வேண்டிய கெடுவைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்தார்கள். அளக்கும் கருவி வந்துவிட்டது, அளந்ததைக் குறைக்கும் கருவி வரத் தாமதம். இதுதான் நிலைமை.

கருவியைப் பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஆலையில் ஒரு சென்சார் மூன்று நாளாக ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் நார்மல் என்று நாங்களும் ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டே வந்தோம். நான்காம் நாள் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன்தான், ‘காற்று மாறுது, லோடு மாறுது, இது மட்டும் எப்படி சார் மாறாம நிக்குது?’ என்று கேட்டான். திறந்து பார்த்தால் லென்ஸ் மேல் அழுக்கு கெட்டியாகப் படிந்திருந்தது. அன்றிலிருந்து, அசையாத எண்ணைப் பார்த்தால் எனக்கு நிம்மதி வருவதில்லை. இந்தக் கருவிகளைக் குறித்த காலத்தில் கேலிப்ரேட் செய்ய, அதாவது சரியாக அளக்கிறதா என்று சோதித்துத் திருத்த வேண்டும், செய்த தேதியையும் எண்ணோடு சேர்த்து வெளியிட வேண்டும், அந்தப் பையனைப் போலக் கேள்வி கேட்பவர்கள் வெளியிலும் இருக்க வேண்டும். உங்கள் குப்பத்தில் பத்தாவது படித்த ஒரு பிள்ளையால்கூட ‘நேற்று ராத்திரி 2 மணிக்கு நாத்தம் தாங்கல, உங்க எண் ஏன் ஏறல?’ என்று கேட்க முடியும், எண் அவர்கள் கையில் இருந்தால்.

இப்போதைக்கு நீங்கள் பார்க்கக்கூடியது வெளிக்காற்றின் எண். மத்திய வாரியத்தின் சமீர் என்ற செயலியில் மணலி, கொடுங்கையூர், ராயபுரம் போன்ற நிலையங்களின் காற்றுத் தரம் மணிக்கு மணி வரும். அது புகைபோக்கியின் எண் இல்லை, யார் விட்டது என்றும் சொல்லாது. ஆனால் தேதி, நேரத்தோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்றும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கடலில் போகிறவர்களுக்குக் காற்றின் திசையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று மாதக் குறிப்பு ஒன்றாக இருந்தால் மனு கொடுக்கும்போது அது பேசும்.

அடுத்து ஆறு. நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள், அந்தக் குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் சாம்பல் கலந்தது பலமுறை செய்தியாகிவிட்டது. நம் நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பல், ஆக எவ்வளவு சேறு அந்தக் குழாயில் ஓடும் என்று பாருங்கள். புறப்படும் இடத்தில் ஒரு ஃப்ளோ மீட்டர், போய்ச் சேரும் இடத்தில் ஒன்று, நடுநடுவே அழுத்தம் அளக்கும் கருவி. அனுப்பிய அளவுக்கும் சேர்ந்த அளவுக்கும் வித்தியாசம் வந்தால் நடுவில் ஒழுகுகிறது என்று அர்த்தம், பம்ப் தானே நின்றுவிடும்படி செய்யலாம். எண்ணெய்க் குழாய்களில் வருடக்கணக்காக நடக்கும் சாதாரண வேலை இது, பெரிய ஏஐ எதுவும் வேண்டாம். ஸ்மார்ட் கிரிட், டிஜிட்டல் இரட்டை என்று மேடையில் பேசுகிறவர்களை யாராவது பார்த்தால், காட்டுக்குப்பத்து ஆற்றோரக் குழாயில் இரண்டு மீட்டர் வைத்துவிட்டு அந்த எண்களை ஊர்ப் பொது இடத்தில் ஒரு திரையில் காட்டச் சொல்லி நான் கேட்டதாகச் சொல்லுங்கள். நகரத்தின் விளக்குக்காக இத்தனை வருடம் சாம்பலைச் சுவாசித்தவர்கள் நீங்கள். அந்த எண்ணை முதலில் பார்க்க வேண்டியவர்களும் நீங்கள்தான்.

ஏஐ மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்கிறீர்கள். அதுவே ஏராளமாகக் கரண்ட் குடிக்கிறது என்கிறார்களே?
– ஒரு வாசகர், பெரம்பூர்

குடிக்கிறது. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி ஏஐ உட்பட இணைய வேலைகளுக்கான கம்ப்யூட்டர்கள் நிறைந்த தரவு மையங்கள் 2024-ல் உலகம் முழுக்கச் செலவழித்தது சுமார் 415 டெராவாட் மணி (ஒரு டெராவாட் மணி என்றால் நூறு கோடி யூனிட்), உலக மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம். 2030-ல் அது இரண்டு மடங்குக்கு மேல், சுமார் 945 டெராவாட் மணி ஆகலாம் என்று கணிக்கிறார்கள். உங்களுக்குப் பக்கத்தில் அம்பத்தூரிலேயே இந்த மையங்கள் வரிசையாக எழுந்துகொண்டிருக்கின்றன. மறுபக்கம், 2016-ல் கூகுள் தன் தரவு மையத்தில் குளிரூட்டும் வேலையை தன் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஏஐயிடம் கொடுத்துப் பார்த்தபோது குளிரூட்டும் செலவு 40 சதவீதம் வரை இறங்கியது. இரண்டும் உண்மை. என் அளவுகோல் எளிது: ஒரு தரவு மையம் எத்தனை மெகாவாட் இழுக்கிறது, அதில் எந்த மணி நேரத்தில் எவ்வளவு சூரிய, காற்று கரண்ட் என்பதை வெளியில் சொல்ல வேண்டும். வருடக் கணக்கில் கூட்டிக் கழித்து ‘நூறு சதவீதம் பசுமை’ என்றால் நான் ஏற்க மாட்டேன், ராத்திரி 8 மணிக்கு எந்த கரண்டில் ஓடியது என்பதுதான் கேள்வி.

எல்லாம் கம்ப்யூட்டர் என்றால் ஹேக்கர் ஊரையே இருட்டாக்கிவிட மாட்டானா?
– ஒரு வாசகர், எம்.கே.பி. நகர்

நடந்திருக்கிறது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மின் விநியோக நிறுவனங்களின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து சுமார் 2,25,000 இணைப்புகளுக்குக் கரண்டை நிறுத்தினார்கள். ஊழியர்கள் துணை மின்நிலையங்களுக்கே நேரில் போய்க் கையால் சுவிட்சைப் போட்டுச் சில மணி நேரத்தில் கரண்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆகவே கையால் இயக்கத் தெரிந்த ஆட்களை, நம் லைன்மேன்களை, கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று சொல்லிக் குறைத்துவிடக் கூடாது.

சார், தண்டையார்பேட்டையில் சொந்த வீடு, மாடி காலியாக இருக்கிறது. மூன்று கிலோவாட் சோலார் போடலாமா? மிக்ஜாம் புயல் மாதிரி வந்தால் அப்போதும் எங்களுக்குக் கரண்ட் இருக்கும் அல்லவா? என் கணவருக்கு ஆக்ஸிஜன் மெஷின் ஓடுகிறது, அதனால் கேட்கிறேன்.
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

போடலாம் அம்மா. மூன்று கிலோவாட்டுக்குச் சுமார் 300 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் நாளைக்கு நான்கு யூனிட் தரும், ஆக இரண்டு மாதத்தில் 700 யூனிட் பக்கம் வரும். 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். இன்வெர்ட்டரோடு மொபைல் செயலி வரும், தினமும் எத்தனை யூனிட் என்று பார்த்துக்கொண்டே இருங்கள். நம் பக்கத்தில் உப்புக்காற்றும் தூசும் அதிகம், வெயில் நன்றாக அடித்தும் எண் மெல்ல மெல்ல இறங்கினால் பேனலைக் கழுவும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். காலையிலேயே, பேனல் சூடேறும் முன், வெறும் தண்ணீரில் துடையுங்கள். தாங்கிகளைத் துருப்பிடிக்காத ரகமாகக் கேட்டு வாங்குங்கள், புயல் ஊர் இது, போல்ட் நட்டில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு ‘அப்போது கரண்ட் இருக்காது’ என்பதுதான் பதில், இதை விற்க வருபவர்கள் பல நேரம் சொல்லாமல் விடுகிறார்கள். தெருக் கரண்டோடு இணைந்து ஓடும் சாதாரண ஆன்-கிரிட் சோலார், தெருவில் கரண்ட் நின்ற உடனே தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் நிற்கும். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் சிப் வெளி மின்சாரம் இல்லை என்று உணர்ந்து ஒரு நொடியிலோ இரண்டு நொடியிலோ துண்டித்துக்கொள்ளும், ஏனென்றால் கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடும் லைன்மேன் மேல் உங்கள் மாடிக் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது. 2023 டிசம்பரில் தண்ணீர் நின்ற தெருக்களில் பில்லர் பாக்ஸ் மூழ்கிக் கரண்டைப் பாதுகாப்புக்காக நிறுத்தியிருந்தபோது, மாடியில் பேனல் வைத்திருந்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் எங்களோடு மெழுகுவத்தி ஏற்றினார்.

உங்கள் வீட்டில் மெஷின் ஓட வேண்டும் என்பதால் பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர் கேளுங்கள். விலை கூடும். மெஷினின் பின்புறம் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும், வீட்டில் ஓடும் ஆக்ஸிஜன் மெஷின் பெரும்பாலும் 300 முதல் 400 வாட், அதை எத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும் என்று பெருக்கிப் பார்த்து அதற்கும் மேலே பேட்டரி எடுங்கள். அந்த ஒரு பிளக்கை மட்டும் தனி லைனாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், ஃபிரிட்ஜையும் மோட்டாரையும் அதில் சேர்க்க விடாதீர்கள். ஒரு சிலிண்டரும் கைவசம் இருக்கட்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைத்து, உங்கள் இணைப்பு எண்ணோடு வீட்டில் உயிர்காக்கும் கருவி இருக்கிறது என்று இப்போதே சொல்லி வையுங்கள், மழைக்காலம் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.